ஒரு படமும் வரையாத அட்டை

இர்கூத்ஸ்கில் முப்பத்து நான்கு டிகிரி.
மைனஸ் என்று ஜனவரியில் யாரும் சொல்வதில்லை,
வேறெந்தப் பக்கம் இருக்கப்போகிறது.

வெனியமினின் கராஜில் மட்டும் வெறும் சட்டையோடு நிற்கலாம்.
பன்னிரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகளை இரும்புச் சட்டத்தில் மாட்டி
இரண்டு வருடம் இணையக் காசு தோண்டினான்.
அந்தச் சூட்டில் அவன் மனைவி தக்காளி நாற்று வளர்த்தாள்.
காசு விழுந்துவிட்டது. தக்காளி பரவாயில்லை.
நாலு அட்டை இன்னும் ஓடுகிறது, நாற்றுக்காக.

"ஐந்தாவதை எடுத்துக்கொள் சயானா, அதுதான் முனகாது."
பிறகு, நோட்டை எண்ணிக்கொண்டே சொன்னான்:
"இது இதுவரை ஒரு படம்கூட வரைந்ததில்லை.
திரையே மாட்டவில்லை இதில்.
வெறும் கணக்கு. ராப்பகலாய்க் கணக்கு."

ஓமுல் மீனைச் சுற்றுவதுபோல்
செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான்.
நான் ஓட்டாத நாளில், என் டிராமிலேயே பயணியாக
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
லியூபா ஓட்டினாள். வளைவில் வழக்கம்போல் வேகம்.

வீட்டுக்குள் வந்ததும் அதற்கு வியர்த்தது.
குளிரிலிருந்து வரும் உலோகம் எல்லாம் அப்படித்தான்,
தகட்டுக்குத் தகடு முத்து முத்தாய்.
இப்போது மின்சாரம் கொடுத்தால் செத்துப்போகும்.
துண்டின்மேல் கிடத்தினேன். மூன்று மணி நேரம்.

அதற்குள் நினைவகம். பழைய நாலை எடுத்துவிட்டு
எட்டும் எட்டும் பதினாறு.
நினைவகம் என்று பெயர் வைத்தவன் ஏமாற்றுக்காரன்,
மின்சாரம் போனால் ஒன்றும் மிஞ்சாது அதில்.
மேசை என்று வைத்திருக்கலாம்.
ஒரு தட்டு வைத்தால் டம்ளருக்கு இடமில்லாத மேசை
இதுவரை என்னுடையது.

ஸ்வெட்டரைக் கழற்றினேன். இந்த வறட்சியில்
கம்பளியிலிருந்து பொறி பறக்கும்.
வெந்நீர்க் குழாயைத் தொட்டுவிட்டு ஒன்றைச் செருகினேன்.
க்ளிக்.
மறுபடி குழாய், மறுபடி செருகல். க்ளிக் வரவில்லை.
பெருவிரல் வெளுக்க அழுத்தினேன்.
பலகை வளைந்தது, என் மூச்சு நின்றது,
க்ளிக்.

குளிர்விப்பான் வாங்கியதற்கு டிப்போவில் சிரித்தார்கள்,
இந்த ஊரில் குளிருக்குக் காசு கொடுத்தவள் என்று.
சிப்பின்மேல் பழைய பசை சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது.
சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து,
புதுப் பசை ஒரு பட்டாணி.
கோபுரம்போல் ஒன்றை வாங்கிவிட்டேன்,
பெட்டியின் பக்கக் கதவு மூடவில்லை.
அளந்து வாங்கியிருக்க வேண்டும். அளக்கவில்லை.
கதவு இப்போது கட்டிலுக்கு அடியில்.

காய்ந்த அட்டையைத் தூரிகையால் தட்டினேன்.
மண் விழுந்தது. நிஜ மண்.
கூடவே ஒரு தக்காளி விதை.
தூக்கிப் போடவில்லை, ஏன் என்று கேட்காதீர்கள்.

இரவு பதினொன்றரை. பொத்தான்.
விசிறிகள் சுற்றின.
திரை கறுப்பு.
கறுப்பு.
இரண்டு வருடம் விடை சொல்லியே பழகியதிடம்
திடீரென்று முகத்தைக் காட்டு என்றால்
எப்படிக் காட்டும்.

பிறகு மேல் இடது மூலையில் ஒரு சின்னக் கோடு.
இமைத்தது.

அதுதான் அது வரைந்த முதல் படம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு லாரி விளையாட்டு.
நடுப்பகல், பாலைவனம், எதிரே எவரும் இல்லை.
முன்பு அந்த மணல் திக்கித் திக்கி வரும்.
இன்று கல்லுக்குக் கல் தனி நிழல்,
தூரத்தில் கானல்கூட நெளிகிறது.
அரை மணியில் அட்டை எண்பத்தொரு டிகிரி.
முனகியது, கொஞ்சம். வெனியமின் பொய் சொல்லியிருக்கிறான்.

ஜன்னலுக்குள் இருக்கும் குட்டி ஜன்னலை
இரண்டு விரல் அளவு திறந்தேன்.
எழுபத்தாறு. எழுபத்திரண்டு.
என் கால் விறைத்துவிட்டது.
பாலையில் அதே வெயில்.

டிராமில் ஸ்டியரிங் கிடையாது, தெரியுமா.
வாரத்தில் ஆறு நாள் வேகமும் பிரேக்கும் மட்டும்,
மீதியைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும்.

சாலை நேராகப் போனது.
இடப்பக்கம் திருப்பினேன், ஒரு காரணமும் இல்லாமல்.
அங்கே பாதை இல்லை.

திரும்பியது.